மைக்குக்கு முன்னாடி ஒரு முகம், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு முகம்: பேராயர் ஸ்டீபன் நீலும் ஊழியர்களோட மனசும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்திருக்கிற கேள்வி, கேட்க ரொம்பச் சின்னதா இருக்கும். ஒரு பாஸ்டருக்கு மனசு சரியில்லைன்னா, அவர் யார்கிட்ட போய்ச் சொல்வார்?

உங்களுக்கு ஏதாவதுன்னா ஃப்ரெண்டுகிட்ட சொல்வீங்க. சர்ச்சுக்குப் போற ஆளா இருந்தா பாஸ்டர்கிட்ட போய் ஜெபம் பண்ணச் சொல்வீங்க. சரி, பாஸ்டருக்கே ஏதாவதுன்னா? சபை மக்கள்கிட்ட சொன்னா, "ஐயருக்கே விசுவாசம் இல்லையா"ன்னு பேச்சு வரும். மேல இருக்கிறவங்ககிட்ட சொன்னா அடுத்த இட மாறுதல்ல பிரச்சனை வருமோன்னு பயம். வீட்டுல சொல்லலாம். ஆனா வீட்டுல இருக்கிறவங்களும் அதே சபைக்கு முன்னாடிதான் சிரிச்ச முகத்தோட உட்காரணும்.

நீங்க கிறிஸ்தவரா இல்லாட்டியும் இந்த எபிசோட் உங்களுக்குப் பொருந்தும். டீம் லீட், டீச்சர், டாக்டர், வீட்டுல மூத்த பிள்ளைன்னு "நீதான் தைரியமா இருக்கணும்"னு ஊரே எதிர்பார்க்கிற எந்த இடத்துல இருந்தாலும் இதே சிக்கல்தான். ஆனா நாம இன்னைக்கு ஒரே ஒரு ஆளோட வாழ்க்கையை ஆழமாப் பார்க்கப் போறோம். அவர் பேர் ஸ்டீபன் நீல். நம்ம திருநெல்வேலித் திருமண்டலத்துக்குப் பேராயரா இருந்தவர். பேராயர்னா பிஷப்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். இது ஒரு நல்லவர் கஷ்டப்பட்டார்ங்கிற இரக்கக் கதை மட்டும் கிடையாது. அவரால மத்தவங்களும் காயப்பட்டிருக்காங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் பேசப் போறோம்.

முதல்ல, வேலை என்னன்னு பார்ப்போம்

எங்க குமாரலிங்கபுரம் மாதிரி ஊர்கள், அருப்புக்கோட்டை, திருச்சுழி சுத்துவட்டாரம் எல்லாமே மானாவாரி பூமி. கரிசல் மண், கண்மாய், சீமைக்கருவேலம். மழை பெஞ்சா விளைச்சல், இல்லாட்டி திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். இந்தப் பக்கத்து சபைகள் சின்னச் சின்னதா, ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கும். திருச்சுழிப் பக்கம் மண்டபசாலைன்னு ஒரு ஊர் இருக்கு. 19-ஆம் நூற்றாண்டுல அமெரிக்க மதுரை மிஷனுக்கு அது ஒரு முக்கியமான நிலையம். அந்த வழியில வந்த சபைகள்தான் 1947-க்குப் பிறகு சி.எஸ்.ஐ. மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்துக்குள்ள வந்தது.

இங்க ஒரு சேகரம்னா, ஒரு குருவானவர் பொறுப்புல பல ஊர்ச் சபைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில ஒரு ஊர்ல ஆராதனை, பைக்கை எடுத்துட்டுப் போய் அடுத்த ஊர்ல நற்கருணை, மத்தியானம் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம், சாயங்காலம் ஒரு அடக்க ஆராதனை. ஒரே நாள்ல ஒரு வீட்டுல சிரிக்கணும், இன்னொரு வீட்டுல அழறவங்க தோள்ல கை வைக்கணும். நடுவுல காணிக்கைக் கணக்கு, பள்ளிக்கூடப் பிரச்சனை, சபைத் தேர்தல் சண்டை எல்லாம் வரும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983-ல 'தி மேனேஜ்டு ஹார்ட்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. விமானப் பணிப்பெண்களோட வேலையை ஆராய்ஞ்சு அவங்க சொன்னது இதுதான்: சில வேலைகள்ல உடம்பையும் மூளையையும் மட்டும் விற்க முடியாது, உணர்ச்சியையும் சேர்த்துத்தான் விற்கணும். உள்ள எரிச்சல் இருந்தாலும் முகத்துல சிரிப்பு இருக்கணும். இதை 'எமோஷனல் லேபர்'னு சொன்னாங்க, தமிழ்ல உணர்ச்சி உழைப்புன்னு வெச்சுக்கலாம். அதுல ரெண்டு வகை. ஒண்ணு, மேலோட்டமா நடிக்கிறது. முகம் மட்டும் மாறும், மனசு மாறாது. இன்னொண்ணு, நிஜமாவே அந்த உணர்ச்சியை மனசுக்குள்ள வரவழைக்கப் பார்க்கிறது.

விமானம் தரையிறங்கினதும் பணிப்பெண் யூனிஃபார்மைக் கழற்றிடலாம். ஊழியருக்கு அந்த வசதி கிடையாது. டீக்கடையில நின்னாலும் அவர் ஐயர்தான். இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. விமானத்துல சிரிக்கிறது வேலைன்னு எல்லாருக்கும் தெரியும். ஊழியரோட சந்தோஷத்தை மட்டும் அவரோட விசுவாசத்துக்கு அத்தாட்சியா எடுத்துக்கிறாங்க. அதனால சோர்வாத் தெரிஞ்சா, வேலையில குறைன்னு நிக்காது, அவர் ஆவிக்குரிய வாழ்க்கையிலயே குறைன்னு போயிடும். அப்போ ஒரு மனுஷன் என்ன செய்வான்? மறைப்பான்.

ஸ்டீபன் நீல்: ஊரே வியந்த ஆளு

1900 டிசம்பர் 31-ஆம் தேதி எடின்பரோவுல பிறந்தவர் நீல். அப்பா, அம்மா ரெண்டு பேருமே மருத்துவம் படிச்சவங்க. கேம்பிரிட்ஜ்ல டிரினிட்டி கல்லூரியில படிச்சு, வரிசையாப் பரிசுகள் வாங்கி, அதே கல்லூரியில ஃபெல்லோவா ஆனார். அங்கேயே இருந்திருந்தா வாழ்க்கை முழுக்கப் பேராசிரியரா சொகுசா இருந்திருக்கலாம். ஆனா 1924-ல குடும்பத்தோட கிளம்பி நம்ம டோனாவூருக்கு வந்துட்டார்.

டோனாவூர் திருநெல்வேலி மாவட்டத்துல, களக்காட்டுப் பக்கம் இருக்கு. கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளுக்காக ஏமி கார்மைக்கேல் அம்மையார் நடத்தின இல்லம் அங்கதான். ஏமி கார்மைக்கேல் ரொம்ப உறுதியான தலைவர், தனக்குன்னு ஒரு முறை வெச்சிருந்தவர். நீல் இருபத்துநாலு வயசுல எல்லாத்தையும் கேள்வி கேக்கிற மூளைக்காரர். ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. ஏறக்குறைய ஒரு வருஷத்துல நீல் அங்கிருந்து வெளியேறிட்டார். அந்த முறிவு ரெண்டு பக்கமும் ஆழமா வலிச்சிருக்கு.

அப்புறமும் அவர் தமிழ்நாட்டை விட்டுப் போகல. தமிழை நல்லாக் கத்துக்கிட்டு, தமிழ்லயே பிரசங்கம் பண்ற அளவுக்கு வந்தார். கிராமம் கிராமமா ஊழியம் செஞ்சார். குருவானவரா அபிஷேகம் பெற்றார். 1930-களில் நாசரேத் பக்கம் திருமறையூர் இறையியல் பள்ளிக்குத் தலைவரா இருந்து, நம்ம ஊர் குருமார்களுக்குப் பாடம் நடத்தினார். 1939-ல திருநெல்வேலிப் பேராயரா ஆனார். அப்போ வயசு நாற்பதைக் கூடத் தொடல. தென்னிந்தியாவுல பல சபைகளை ஒண்ணாக்கி சி.எஸ்.ஐ. அமைக்கிறதுக்கான பேச்சுவார்த்தையிலயும் அவர் முக்கியமான ஆள்.

வெளியில இருந்து பார்த்தா எல்லாமே பச்சை. எங்க வேலையில 'ஹெல்த் செக்'னு ஒண்ணு இருக்கும். சர்வர் உயிரோட இருக்கான்னு அப்பப்போ கேட்டுப் பார்ப்போம், "நல்லா இருக்கேன்"னு பதில் வரும். ஆனா உள்ள டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும். கேட்ட கேள்வி அவ்வளவு மேலோட்டமானது, அதனால வர்ற பதிலும் அப்படித்தான். "ஐயர் நல்லா இருக்கீங்களா?" "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்." அது மாதிரி ஒரு ஹெல்த் செக்.

நீலுக்கு உள்ள என்ன நடந்துட்டிருந்தது? பல வருஷமா தூக்கமின்மை. இளம் வயசுல இருந்தே திரும்பத் திரும்ப வந்த மனச்சோர்வு. தன்னோட சுயசரிதையில அந்த இருட்டைப் பற்றி அவரே எழுதியிருக்கார். ஆனா அந்தச் சுயசரிதை, 'காட்ஸ் அப்ரென்டிஸ்', எப்போ வெளிவந்தது தெரியுமா? 1991-ல. அவர் இறந்தது 1984-ல. பேராயரா இருந்த காலத்துல அவர் கையால திருவிருந்து வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு, அவர் உள்ள என்ன சுமக்கிறார்னு தெரிய வழியே இருந்திருக்காது.

1944: எல்லாம் ஒடிஞ்ச வருஷம்

அவர் பேராயரா இருந்த காலம் இரண்டாம் உலகப் போர் காலம். வெளிநாட்டுல இருந்து ஆள் வர்றது குறைஞ்சது. விலைவாசி ஏறினது. திருமண்டலத்துக்குக் கீழ எக்கச்சக்கமான சபைகளும் பள்ளிக்கூடங்களும். நீல் கல்யாணம் ஆகாதவர். தனக்கு மேல உள்ளவர்னா கல்கத்தாவுல இருந்த மெட்ரோபாலிட்டன், அதாவது தலைமைப் பேராயர். பாளையங்கோட்டைக்கும் கல்கத்தாவுக்கும் எவ்வளவு தூரம்னு யோசிச்சுக்கோங்க. பக்கத்துல இருந்த எல்லாரும் அவருக்குக் கீழ.

1944-ல உடல்நிலையைக் காரணம் காட்டி இந்தியாவை விட்டுப் போனார். 1945-ல பேராயர் பதவியை விட்டு விலகினார். திரும்பி வந்து அந்தப் பொறுப்பை ஏற்கவே இல்ல. வெளியில ரொம்ப நாள் சொல்லப்பட்டது உடல்நலக் குறைவு. அது பொய் கிடையாது, நிஜமாவே உடைஞ்சுதான் போயிருந்தார். ஆனா அது மட்டுமே காரணம் இல்ல. அவர் வாழ்க்கையை ஆராய்ஞ்சு புத்தகம் எழுதின டைரன் டாட்ரிட்டி மாதிரியான வரலாற்றாசிரியர்கள் இன்னொரு காரணத்தையும் பதிவு செஞ்சிருக்காங்க. தனக்குக் கீழ இருந்தவங்களை அவர் கையால அடிச்சுத் தண்டிச்சார்ங்கிற புகார். அவர் இறந்து, சுயசரிதையும் வெளிவந்த பிறகு, இங்கிலாந்துலயும் சிலர் பகிரங்கமாப் பேசினாங்க. ஆன்மிக ஒழுக்கம்ங்கிற பேர்ல அடிக்கிற வழக்கம் அவருக்கு இருந்துச்சுங்கிறது அவங்க குற்றச்சாட்டு.

கொஞ்சம் நிதானமாப் போவோம். இங்கதான் நிறைய பேர் ரெண்டுல ஒரு பக்கம் சாஞ்சிடுவாங்க.

ஒரு பக்கம்: "பாவம், அவருக்கு மனநோய், அதனாலதான் அப்படி நடந்துக்கிட்டார்." இது தப்பு. மனச்சோர்வு உள்ள கோடிக்கணக்கான பேர் யாரையும் அடிக்கிறது இல்ல. தூக்கம் வராததுக்கும் அடுத்தவன் மேல கை வைக்கிறதுக்கும் நேரடிக் கோடு போட முடியாது. அப்படிப் போட்டா, மனச்சோர்வுல இருக்கிற அத்தனை பேர் மேலயும் பழி விழும்.

இன்னொரு பக்கம்: "அவர் ஒரு கெட்ட ஆளு, அவ்வளவுதான், அவர் புத்தகத்தை எல்லாம் தூக்கிப் போடு." இதுவும் நமக்கு எதையும் கத்துக்குடுக்காது. அவர் எழுதின 'எ ஹிஸ்டரி ஆஃப் கிறிஸ்டியன் மிஷன்ஸ்' 1964-ல வந்தது, இறையியல் மாணவர்கள் பல தலைமுறையாப் படிச்ச புத்தகம். பிற்பாடு ஜெனீவாவுல உலக சபைகள் மன்றத்துல வேலை பார்த்தார். ஹாம்பர்க்லயும் நைரோபியிலயும் பேராசிரியரா இருந்தார். அந்த உழைப்பும் நிஜம். புகாரும் நிஜம்.

நான் கேக்கிற கேள்வி வேற. அடி வாங்கினதாச் சொல்லப்படுற அந்த மனுஷன், 1940-கள்ல, பேராயருக்குக் கீழ இருந்தவர். அவர் யார்கிட்ட போய்ச் சொல்லியிருப்பார்? அடிச்சவர் பேராயர், வெள்ளைக்காரர், சம்பளமும் இட மாறுதலும் அவர் கையில. இந்தக் கதையில நமக்கு விவரமாக் கிடைக்கிறது பேராயரோட வலி மட்டும்தான், ஏன்னா அவர் சுயசரிதை எழுதினார். அந்த மத்த ஆள் எழுதல.

அதனால 'தலைவரோட மனநலம்'ங்கிறது தலைவருக்கு மட்டுமான விஷயம்னு நினைச்சா தப்பு. தன் உணர்ச்சியை எங்கயும் இறக்கி வைக்க இடமில்லாத, ஆனா கையில அதிகாரம் இருக்கிற ஒருத்தர், அதைக் கீழ இருக்கிறவங்க மேல இறக்கி வைக்க வாய்ப்பு இருக்கு. எப்பவும் அடியா இருக்கணும்னு இல்ல. மேடையில பேர் சொல்லாமக் குத்துறது, கமிட்டியில கத்துறது, "தேவ ஊழியனை எதிர்த்தா சாபம்"னு பயமுறுத்துறது. இதெல்லாம் இன்னைக்கும் பார்க்கிறோம்.

உண்மையா இருக்கிறதுன்னா எல்லாத்தையும் கொட்டுறதா?

இப்போ சோஷியல் மீடியாவுல 'ஆதென்டிக்'கா இருங்க, 'வல்னரபிளா' இருங்கன்னு ஒரே அட்வைஸ். சில யங் பாஸ்டர்ஸ் மேடையிலயே தன் குடும்பச் சண்டை வரைக்கும் சொல்லிடறாங்க. கேக்கிறவங்களுக்குக் கண்ணீர் வரும், ரீல்ஸ் ஓடும். ஆனா அடுத்த வாரம் அவங்க மனைவி எப்படிச் சபைக்குள்ள வருவாங்க?

ரெண்டு பேரோட உதாரணம் பார்க்கலாம்.

அன்னை தெரசா. 2007-ல அவங்களோட கடிதங்கள் 'கம் பி மை லைட்'னு புத்தகமா வந்தப்போ உலகமே அதிர்ந்துச்சு. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, கடவுள் தன்கிட்ட இருக்கார்ங்கிற உணர்வே இல்லாத ஒரு உள் இருட்டுல அவங்க இருந்திருக்காங்க. "அப்போ அந்தச் சிரிப்பு எல்லாம் நடிப்பா"ன்னு சிலர் கேட்டாங்க. எனக்கு அப்படித் தோணல. அவங்க அதை ஊருக்குச் சொல்லல, ஆனா தன்னோட ஆன்ம வழிகாட்டிகளுக்குக் கடிதமா எழுதினாங்க. அந்தக் கடிதங்களை அழிச்சிடச் சொல்லியும் கேட்டாங்க. ஊருக்கு எல்லாம் தெரியணும்னு அவசியம் இல்ல. ஆனா பொய் சொல்லாமப் பேச ஒரு சில பேராவது இருந்தாங்க.

அடுத்தது ஸ்பர்ஜன். 19-ஆம் நூற்றாண்டு லண்டன்ல ஆயிரக்கணக்கான பேர் அவர் பிரசங்கம் கேக்கக் கூடுவாங்க. 1856 அக்டோபர்ல, சர்ரே கார்டன்ஸ் மியூசிக் ஹால்ல அவர் பேசிட்டிருந்தப்போ யாரோ "தீ"ன்னு கத்த, கூட்டம் நெரிசல்ல சிக்கி ஏழு பேர் இறந்தாங்க. ஸ்பர்ஜனுக்கு அப்போ 22 வயசு. அந்த அதிர்ச்சி அவரை விட்டுப் போகவே இல்ல. வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு வந்து வந்து போச்சு. அவர் செஞ்ச ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். தன்கிட்ட ஊழியப் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்கு இதைப் பற்றியே ஒரு பாடம் எடுத்தார். ஊழியருக்கு மனச்சோர்வு வரும், எப்போ எப்போ வரும்னு வெளிப்படையாச் சொன்னார். அடுத்து அந்தப் பாதையில நடக்கப் போறவங்களுக்கு அது தேவைப்படும்னு தெரிஞ்சுதான் சொன்னார்.

அதனால, எதைச் சொல்றோம்ங்கிறதைவிட, யார்கிட்ட, எதுக்குச் சொல்றோம்ங்கிறதுதான் முக்கியம். நான் இப்படிப் பிரிச்சுப் பார்ப்பேன். சபைக்கு: பொய் சொல்லாம இருந்தாப் போதும். "இந்த மாசம் உடம்பும் மனசும் சரியில்ல, எனக்காக ஜெபம் பண்ணுங்க, இந்த இந்த வேலையை இவர் பார்ப்பார்." அவ்வளவு போதும். விவரம் வேண்டாம். நெருங்கின ரெண்டு மூணு பேருக்கு: முழு உண்மை. மருத்துவருக்கு: தூக்கம், பசி, தற்கொலை எண்ணம் உட்பட எதையும் விடாம. இதுல முதல் வட்டத்துல கொட்ட வேண்டாததைக் கொட்டி, ரெண்டாவது மூணாவது வட்டத்தைக் காலியா வெச்சிருக்கிறவங்கதான் அதிகம்.

பதவி இருக்கும், ஃப்ரெண்டு இருக்க மாட்டான்

அந்த ரெண்டாவது வட்டம் ஏன் காலியா இருக்குன்னு நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் 1910-லயே தொட்டுட்டார். வேதநாயகம் சாமுவேல் அசரியா. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்தவர். 1912-ல தோர்ணக்கல் பேராயரா ஆனார், ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எடின்பரோவுல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு நடுவுல நின்னு அவர் சொன்னதோட சாரம் இதுதான்: நீங்க எங்களுக்காக எவ்வளவோ தியாகம் பண்ணியிருக்கீங்க, ஆனா எங்களை நண்பர்களா நடத்தல, அந்த நட்பைக் கொடுங்க. அந்தப் பேச்சு அங்க பெரிய சலசலப்பை உண்டாக்குச்சு.

பொதுவா இதை இந்தியர்களோட உரிமைக் குரலாத்தான் படிப்போம். சரிதான். ஆனா மறுபக்கம் இருந்தும் படிச்சுப் பாருங்க. நட்பு இல்லாததால நஷ்டம் ரெண்டு பேருக்கும். தனக்குக் கீழ உள்ளவங்களை நண்பர்களாப் பார்க்கத் தெரியாத தலைவருக்கு, தான் விழும்போது தாங்க ஆளே இருக்காது. அவர் தப்புப் பண்ணும்போது "ஐயா, இது சரியில்ல"ன்னு சொல்லவும் ஆளே இருக்காது. இந்த ரெண்டு ஆளும் ஒரே ஆளுதான்.

இன்னைக்கு வெள்ளைக்காரப் பேராயர் இல்ல. ஆனா அந்த இடைவெளி இருக்கு. சுயாதீன சபைகள்ல, ஒரே பாஸ்டர் ஸ்தாபகர், டிரஸ்ட்டி, கணக்காளர் எல்லாமா இருக்கிற இடத்துல, இடைவெளி இன்னும் பெருசு. எங்க துறையில இதை 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்வோம். அந்த ஒண்ணு விழுந்தா எல்லாமே விழும். அப்படி ஒரு சிஸ்டத்தை யாராவது டிசைன் பண்ணா ரிவ்யூவுலயே திருப்பி அனுப்பிடுவோம். சபையில மட்டும் அதை 'அபிஷேகம்'னு கொண்டாடறோம்.

வேதாகமமே என்ன காட்டுது?

விசுவாசம் இருந்தா மனச்சோர்வு வராதுன்னு சொல்றவங்களுக்கு, அவங்க புத்தகத்துல இருந்தே ரெண்டு சம்பவம்.

முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில பெரிய வெற்றி ஒண்ணை முடிச்சுட்டு வர்றார். அடுத்தது என்ன? உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்துல ஒரு சூரைச்செடிக்குக் கீழ உட்கார்ந்து, சாகணும்னு கேக்கிறார். அங்க வர்ற தேவதூதன் என்ன பண்றான்னு கவனிங்க. பிரசங்கம் பண்ணல, கண்டிக்கல. எழுப்பிச் சாப்பாடும் தண்ணியும் கொடுக்கிறான். எலியா திரும்பத் தூங்குறார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். பேச்சு அப்புறம்தான். கடைசியில, தனக்கு அடுத்து எலிசாவை ஏற்படுத்தச் சொல்லி அனுப்புறார் கடவுள். சாப்பாடு, தூக்கம், வேலைக்கு இன்னொரு ஆள்.

யாத்திராகமம் 18-ல மோசே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தனியா உட்கார்ந்து மக்களோட வழக்குகளைத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துட்டு, இப்படிப் பண்ணா நீயும் தளர்ந்து போவ, ஜனங்களும் தளர்ந்து போவாங்கன்னு சொல்லி, வேலையைப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்றார். ரெண்டு பேரும் தளர்வாங்கன்னு சொன்னார் பாருங்க, அதுதான் பாயிண்ட். இதைச் சொன்னவர் சபைக்குள்ள இருந்து வரல. குடும்பத்துல ஒரு பெரியவர், அதுவும் வெளியூர்க்காரர்.

சரி, நடைமுறையில என்ன பண்ணலாம்?

முதல்ல ரெண்டு சொல்லைப் பிரிச்சுக்கலாம். 'பர்ன்அவுட்'ங்கிறது வேலையோட சம்பந்தப்பட்ட தளர்ச்சி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல இதைப் பணி சார்ந்த நிலையாத்தான் வகைப்படுத்துச்சு, நோயா வகைப்படுத்தல. மூணு அடையாளம்: சக்தி வத்திப்போறது, வேலை மேலயும் ஆட்கள் மேலயும் ஒரு வெறுப்போ விலகலோ வர்றது, என்ன செஞ்சாலும் உருப்படியா எதுவும் நடக்கலைங்கிற உணர்வு. இதுக்கு வேலையோட அமைப்பை மாத்தணும். மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரஷன், வேற. அது லீவுலயும் கூடவே வரும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் போய், குற்ற உணர்ச்சியோ சாகணும்ங்கிற எண்ணமோ இருந்தா, அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். ஜெபம் பண்ணுங்க, கூடவே மாத்திரையும் சாப்பிடுங்க. சுகருக்கு மாத்திரை போடுற ஐயரை யாரும் அவிசுவாசின்னு சொல்றதில்லையே.

ஊழியரா இருக்கிறவங்களுக்கு மூணு விஷயம்.

ஒண்ணு, உங்க சபைக்கோ உங்க சம்பளத்துக்கோ சம்பந்தமே இல்லாத ஒரு ஆளைத் தேடிப் பிடிங்க. வேற திருமண்டலத்துல ஊழியம் பண்ற கிளாஸ்மேட்டா இருக்கலாம், ரிட்டயர் ஆன ஒரு உபதேசியாரா இருக்கலாம். மாசம் ஒரு நாள், தேதி குறிச்சு, பேசுங்க. நெருக்கடி வந்த பிறகு தேடினா கிடைக்க மாட்டாங்க.

ரெண்டு, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள் கிடையாது, அதுதான் உங்க உச்சகட்ட வேலை நாள். அதனால வாரத்துல வேற ஒரு நாளை எடுத்து, சபைக்கு அறிவிப்புலயே சொல்லிடுங்க. அடக்க ஆராதனை வந்தா என்ன பண்றது? வரும்தான். பக்கத்துச் சேகரத்து ஐயர்கூட முறை வெச்சுக்கோங்க. ஐ.டி. கம்பெனியில ஆன்-கால் முறைன்னு இருக்கும், இந்த வாரம் ராத்திரி போன் வந்தா நீ எடு, அடுத்த வாரம் நான் எடுக்கிறேன்னு. அதே கணக்குதான்.

மூணு, உங்க கோபத்தைக் கவனிங்க. சோர்வு பல நேரம் அழுகையா வராது, கோபமாத்தான் வரும். வீட்டுலயும் உபதேசியார்கிட்டயும் மட்டும் கத்தி, பணக்காரக் குடும்பத்துக்கு முன்னாடி மட்டும் அமைதியா இருந்தீங்கன்னா, அது கட்டுப்படுத்த முடியாத கோபம் இல்ல. ஆள் பார்த்து வர்ற கோபம். அதை யாராவது உங்ககிட்ட சொல்ற அளவுக்கு இடம் கொடுத்திருக்கீங்களா?

சபை மக்களுக்கும் கமிட்டிக்கும் ரெண்டு விஷயம்.

"ஐயர் எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா பதில் தெரிஞ்ச கதைதான். அதுக்குப் பதிலா, "போன வாரம் எத்தனை நாள் ஒழுங்காத் தூங்கினீங்க?" "கடைசியா எப்போ பிள்ளைகளைக் கூட்டிட்டு வெளியூர் போனீங்க?"ன்னு கேளுங்க. குறிப்பாக் கேட்டாத்தான் குறிப்பான பதில் வரும். லீவு கேட்டா, "போன ஐயர் லீவே எடுக்க மாட்டார்"னு ஒப்பிடாதீங்க. போன ஐயர் ராத்திரி ரெண்டு மணிக்கு எப்படி இருந்தார்னு உங்களுக்குத் தெரியாது.

ரெண்டாவது, புகார் சொல்ற வழி ஒண்ணு இருக்கணும். அது அந்தத் தலைவர் வழியாவே போகக் கூடாது. யார் மேல புகாரோ அவர் கையிலயே புகார்ப் பெட்டிச் சாவி இருந்தா, அது பெட்டியே இல்ல. புகார் வந்தா, "ஐயர் உடம்பு சரியில்லாமப் போயிட்டார்"னு மூடி மறைச்சு வேற ஊருக்கு அனுப்புறது யாருக்கும் நன்மை இல்ல. நீலோட விஷயத்துல உடல்நலம்ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டையும் போட்டு மூடினாங்க. அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையும் பேசப்படல, காயப்பட்டவங்களுக்குக் கிடைக்க வேண்டிய நியாயமும் பேசப்படல. இரக்கம் காட்டுறதும் கணக்குக் கேக்கிறதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி கிடையாது. சிகிச்சை கொடுங்க, அதே நேரத்துல அதிகாரத்துல இருந்து இறக்கி வைங்க. ரெண்டையும் ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல செய்யலாம்.

இதைக் கேட்டுட்டிருக்கிற உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிஞ்ச ஊழியருக்கோ இப்போ உதவி வேணும்னா, மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்ல, தமிழ்லயே பேசலாம். நீங்க பாஸ்டர்னு அங்க யாரும் தனியாப் பார்க்க மாட்டாங்க. சில பேருக்கு அதுவே பெரிய நிம்மதியா இருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை. உங்களுக்காக எப்பவும் ஜெபம் பண்ற, இல்ல உங்க கஷ்டத்தை எப்பவும் கேக்கிற ஒரு ஆளுக்கு போன் பண்ணுங்க. எதையும் கேக்காதீங்க. அவங்க எப்படி இருக்காங்கன்னு மட்டும் கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் லைன்ல இருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.